கடைசி சீனில் என்ன சிரிப்பு?

படம் முடிந்ததும் ஜோஸ்லின் செய்த முதல் காரியம், எழுந்து போய் ஓட்டலின் முன்கதவை விரியத் திறந்து வைத்ததுதான். வெளியே ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இறங்கிவிட்ட மூடுபனி, அவள் வேலை பார்க்கும் ரிசப்ஷன் மேஜை வரைக்கும் உரிமையோடு உள்ளே வந்தது.

"ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு? இப்பத்தான் தரையத் தொடச்சுட்டுப் போனேன்!" என்று மாடிப்படியிலிருந்தே சத்தம் போட்டாள் மல்லிகா. அறைகளைச் சுத்தம் செய்ய சேலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவள். துடைப்பம் ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"மூச்சு முட்டுதுக்கா. கொஞ்ச நேரம் தொறந்து கெடக்கட்டும்."

மூச்சு முட்டாமல் என்ன செய்யும்! அப்படி ஒரு படம். எந்தக் காலத்திலோ, எந்தத் தேசத்தின் கடைக்கோடியிலோ, மனிதர்கள் அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருக்கும் பொட்டல்வெளி. பக்கத்து வீடு என்று கைகாட்ட ஒரு புகைகூட இல்லை. பட்டணத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, அங்கே ஒரு மரவீட்டில் வைக்கிறான் ஒருவன். குடிகாரனா? இல்லை. அடிக்கிறவனா? அதுவும் இல்லை. அடித்தாலாவது வாய்விட்டு அழுது தொலைக்கலாம். பேசமாட்டான், அவ்வளவுதான். காற்று மட்டும் படம் முழுக்க ஊளையிடுகிறது. அவள் முதலில் கோழிகளோடு பேசுகிறாள், அப்புறம் அடுப்போடு பேசுகிறாள், அப்புறம் பேச்சையே விட்டுவிடுகிறாள். முக்கால் படம் போனபிறகு ஒரே ஓர் இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதுவும் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் போய்விடும். கடைசியில் ஒருநாள் அவன் விறகோடு திரும்புகிறான். கதவு திறந்து கிடக்கிறது. வாசலிலிருந்து வெறுங்கால் தடம் ஒன்று பனியில் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நின்று பார்க்கிறான். உள்ளே வருகிறான். கதவைச் சாத்துகிறான். கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்காருகிறான். கரண்டிச் சத்தத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பாழாய்ப்போன படத்தை ஜோஸ்லினுக்கு லிங்க் போட்டு அனுப்பியவன் ரொனால்ட். ரொனால்ட் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று படிப்பார்களே, அந்த ஓலைதான். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. அதையும் படித்துவிட்டால் தீர்ந்தது. பிறகு வேண்டாம் என்று சொன்னால் மலை முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனதை அவள் நினைத்துக்கொண்டாள். மாரமங்கலம் தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில் ரொனால்ட் ரைட்டர், கணக்கெழுதுகிற வேலை. பஸ் திரும்புகிற இடத்திலிருந்து கொஞ்சம் ஏறினால் அவனுடைய குவார்ட்டர்ஸ். அதற்கு அப்பால் காபிச்செடியும் காடும்தான். அப்பா அம்மா கிடையாது. அக்காவைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அன்று அவன் தன் கையால் காபி போட்டுக் கொடுத்தான். பேசியது என்ன தெரியுமா? "கதவச் சாத்திருங்க." யார் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அதே பாட்டு. "தொறந்து கெடந்தா காட்டெருமை வந்துருமுங்க. பனி பூந்து மெத்தையெல்லாம் ஈரமாயிருமுங்க." அம்மா தெரசம்மாளுக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. வரும்போது பஸ்ஸெல்லாம் அதே பெருமை. ஜோஸ்லினுக்கும் அன்றைக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. அவன் கொடுத்த காபி நன்றாகவே இருந்தது.

இப்போது அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

போதாக்குறைக்கு சாயங்காலம் அவனுடைய மெசேஜ் வந்து விழுந்தது. எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. வேலை முடிந்து மேலே ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் அவன் போனுக்கு உயிர் வரும். அதனால் எல்லாம் மொத்தமாக வரும்.

'படம் பாத்தீங்களா? நான் நாலு தடவ பாத்துட்டேன். கடைசி சீன் வர்றப்பல்லாம் எனக்கு சிரிப்பு வந்துருமுங்க. நம்ம ஊட்டுலயும் அப்படி ஒரு நாள் இருக்கோணும்னு நெனச்சுக்குவேன்.'

ஜோஸ்லின் திரும்பத் திரும்பப் படித்தாள். சிரிப்பா? பெண்டாட்டி பனியில் இறங்கிப் போய்விட்டாள், இவன் கஞ்சி குடிக்கிறான், இதில் என்ன சிரிப்பு? நம்ம வீட்டிலும் அப்படி ஒரு நாளா? மாதாவே!

'நெசமாவா சொல்றீங்க?' என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. 'நெசமாத்தானுங்க.'

அதோடு போயிற்று அவள் நிம்மதி. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சாவிகளை எடுத்து வரிசையாக மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். சீசன் இல்லாத வாரநாள். ஓட்டலில் ஆளும் இல்லை.

ஓட்டலுக்கு விளம்பரப் படங்கள் செய்து போடுவது ஜோஸ்லின்தான். அந்தப் பழக்கத்தில் இணையத்தில் ஒரு வரைகிற தளம் அவளுக்குத் தெரியும். திறந்தால் வெறும் வெள்ளைப் பரப்பு. லிங்க் யாருக்கு அனுப்பினாலும் அவர்களும் அதே பரப்பில் வரையலாம், அழிக்கலாம். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வைத்து, மவுஸைப் பிடித்து, மனம் போன போக்கில் இழுத்தாள். வந்தது அந்த வீடுதான். பனியை வரைய வேண்டிய வேலையே இல்லை, எல்லாம் ஏற்கெனவே வெள்ளை. நாலு கோடு, ஒரு கூரை, ஒரு கதவு. கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். பொய்யாக இருந்தது. சாத்தினாள். ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் போட்டாள். அந்தச் சண்டாளன் வீட்டில் வெளிச்சம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று அழித்தாள். அந்தப் பெண்ணை வரைந்தாள், முகம் தன் முகம் மாதிரியே வர, பதறிப்போய் அவளையும் அழித்தாள். கடைசியில் சாத்திய கதவும், அங்கிருந்து புறப்பட்டுப் போகிற காலடித் தடமும்தான் மிஞ்சின. அழித்து அழித்து வரைந்ததில் கை வலித்தது. மனசு மட்டும் அடங்குவேனா என்றது.

சட்டென்று அந்த லிங்க்கை ரொனால்டுக்கே அனுப்பினாள். நாலு தடவை பார்த்தவன்தானே, புரிந்துகொள்ளட்டும்!

புரிந்துகொண்டானா? மறுநாள் வந்த மெசேஜ் இது: 'நல்லா வரஞ்சிருக்கீங்க. யாரு ஊடுங்க இது? கதவ எதுக்குச் சாத்திட்டீங்க?'

நடிப்பைப் பாருங்கள்! ஜோஸ்லினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தளத்தைத் திறந்தால் அங்கே இன்னொரு கூத்து. வீட்டின்மேல் ஏதோ ஏறியிருந்தது. கை, கால் என்று குச்சி குச்சியாக ஒன்று கூரைமேல். குச்சி குச்சியாக இன்னொன்று கீழே. பக்கத்தில் தண்டவாளம் மாதிரி என்னவோ. நடுவே ஆகாயத்தில் உருண்டை உருண்டையாகச் சில வட்டங்கள்.

மல்லிகா வந்து எட்டிப் பார்த்தாள். "என்னது புள்ள, கூரை மேல கோழி நின்னுக்கிட்டு முட்டை வெக்கிதா?"

"என்னைய நக்கல் பண்றாருக்கா."

"மாப்ளையா வரஞ்சாரு? அட, வெளையாடறாரு புள்ள! கல்யாணத்துக்கு முன்னால இப்படியெல்லாம் வெளையாடாம, பொறவு பேரன் பேத்தி எடுத்துட்டா வெளையாடுவாங்க?"

ஜோஸ்லின் அத்தனையையும் அழித்தாள். அடுத்த நாள் சாயங்காலம் அதே குச்சிகள், அதே முட்டைகள், இன்னும் பெரிதாக வந்து நின்றன. மறுபடி அழித்தாள். வெள்ளிக்கிழமை மறுபடி வந்துவிட்டன. இவள் சாவுவீட்டைப் போல ஒன்றை வரைந்து வைத்தால், அதன் தலைமேல் ஏறி நின்று விளையாடுகிறான் மனுஷன். இவனோடு எப்படி ஒரே வீட்டில் காலம் தள்ளுவது?

அன்று சாயங்காலம் அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தாள். தெரசம்மாள் மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை பார்ப்பவள். ஊருக்கே வடித்துக் கொட்டிவிட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போனா என்ன?"

"எதுக்கு?"

"அவரு ஒரு படம் பாக்கச் சொன்னாரும்மா. அந்தப் படம் எனக்குப் புடிக்கல."

தெரசம்மாள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். "படத்தப் பாத்துப்போட்டுக் கல்யாணத்த நிறுத்துறேன்னு சொன்ன மொத ஆளு நீதான்டி இந்த மலையிலயே! சாமியாருகிட்டப் போயி என்ன தடைன்னு சொல்லுவ? சினிமா சரியில்லைன்னா?"

"படமில்லம்மா. அவரு மனசு எப்படின்னு..."

"ஒங்கப்பன் மனசு எப்படின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல, அந்த மனுசன் போயும் சேந்தாச்சு. பேசாம போயி ரசத்துக்குப் புளியக் கரை."

ஜோஸ்லின் புளியைக் கரைத்தாள். கரைக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை. நேரில் போய் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவது. திரும்பும் வழியிலேயே கோயிலில் இறங்கி, நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிடுவது. என்ன காரணம் என்று கேட்டால்? அதைப் பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.

ஓலை வாசித்த பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்பார்கள். ஓட்டலில் டூட்டி என்று அம்மாவிடம் ஒரு பொய், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஓட்டலில் ஒரு பொய். இரண்டையும் சொல்லிவிட்டு மாரமங்கலம் பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு யோசித்தாள். காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி அவள் மேலே ஏறியபோது, மூடுபனி காபிச்செடிகளுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது. கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் ஏறித் தட்டினாள். தோளில் துண்டோடு வந்து திறந்த ரொனால்ட் ஆடிப்போய்விட்டான்.

"ஏனுங்க, நீங்களா? அம்மாவுக்குத் தெரியுமுங்களா? உள்ள... இல்லீங்க, உள்ள வேண்டாம், இப்படியே உக்காருங்க." சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தினான்.

ஜோஸ்லின் உட்காரவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். கடைசி சீன்ல உங்களுக்கு எதுக்குங்க சிரிப்பு வருது?"

ரொனால்ட் விழித்தான். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாள் என்கிற விழிப்பு. "சிரிப்பு வராமங்க? அவன் கூரை மேல ஏறி உம்முன்னு பலகை அடிச்சுக்கிட்டு இருக்கான். அந்தம்மா கீழ நின்னுக்கிட்டுப் பனிய உருட்டி உருட்டி அவன் மேல எறியுது. அவனும் சிரிச்சுப்போடறான். படம் பூராவும் அப்பத்தான் அவன் பல்லே தெரியுது. அதத்தான் தெனமும் வரஞ்சேன், நீங்க அழிச்சுக்கிட்டே இருந்தீங்க."

"அதா கடைசி சீன்?"

"அதானுங்க." போனை எடுத்துவந்து ஓட்டிக் காட்டினான். கூரை, ஏணி, சிரிக்கிற பெண். அவள் கையிலிருந்து கிளம்பிய பனி உருண்டை பாதி வழியில் அந்தரத்தில் அப்படியே நின்றது. திரை கருப்பானது. "பாத்தீங்களா? பட்டுதா படலையான்னு நம்மளையே யோசிக்க வுட்டுட்டான். என்னா டைரக்டருங்க!"

"இத எங்க டவுன்லோடு பண்ணீங்க?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடை வைஃபைலங்க. முடியறதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான். இருந்தாலும் பரவால்ல, படம் ஓடுச்சு."

ஜோஸ்லின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அரைகுறையாக இறங்கிய படத்தை நாலு தடவை பார்த்து டைரக்டரை மெச்சியிருக்கிறானே, இவனையா கொலைகாரனாக நினைத்து வாரம் முழுக்கச் செத்தோம்! தண்டவாளம் ஏணியாயிற்று, முட்டைகள் பனி உருண்டைகளாயின. எல்லாம் தெளிந்துவிட்டது. இதோடு எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் அவன் ஆசையாகக் கேட்டான், "அப்ப இன்னும் இருக்குதுங்களா படம்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்துகிற இடத்தில் இவன் முகம் எப்படிப் போகும்? அதைப் பார்க்காமல் போனால் ஆயுசுக்கும் அரிக்கும். தன் போனில் முழுப்படமும் இருந்தது. எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

ரொனால்ட் எட்டத்தில் தள்ளி உட்கார்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். காற்று ஊளையிட்டது. படத்துப் பெண் கோழிகளோடுகூடப் பேச்சை விட்ட இடம் வந்தது. விறகு வந்தது. கதவு சாத்துகிற இடமும் போனது. கரண்டிச் சத்தமும் வந்து ஓய்ந்தது. ரொனால்ட் போனைப் படியில் வைத்தான். காபிச்செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, எப்படி இருந்துச்சு?"

பதில் இல்லை. எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கேட்டது ஒரு சத்தம். பாத்திரத்தில் கரண்டி உரசுகிற சத்தம்.

போதும்டா சாமி! ஜோஸ்லின் போனை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். இதே மௌனம், இதே கரண்டி. அதே ஆள்தான் இவன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். பாதையின் கல் உள்ளங்காலில் குத்தியது. குத்தினால் குத்தட்டும். சாமியாரிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லாவிட்டால் பரவாயில்லை, மனசு ஒப்பவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஜோஸ்லின்! ஏனுங்க! நில்லுங்க!"

அவன் வாயால் அவள் பேரைச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பினாள். பனிக்குள்ளிருந்து வழுக்கி விழாத குறையாக ஓடி வந்தான் ரொனால்ட். இரண்டு கையிலும் அவள் செருப்புகள். அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். செம்மண் அப்பிய வெறுங்கால்.

"செருப்ப வுட்டுட்டு வந்துட்டீங்க," என்றான், மூச்சு வாங்க. "அந்தம்மா செருப்பும் அங்கயேதான் கெடந்துச்சு, பாத்தீங்களா? கதவோரத்துல. அவன் கண்ணு முன்னாலதான் கெடக்குது. அத எடுத்துட்டு ஓட வேண்டாமா? கஞ்சி குடிக்கிறான்! சோத்துக்குச் செத்த பய!"

ஜோஸ்லின் அந்தச் செருப்பைப் படத்தில் கவனிக்கவே இல்லை.

"உள்ள என்ன பண்ணீங்க நீங்க?"

"காபி வெச்சேனுங்க, உங்களுக்கு. எனக்கு ஆத்திரத்துல பேச்சே வரல. என்ற வாய்க்கு எப்பவுமே அவ்ளோ சுலுவுல வார்த்தை வராதுங்க. காபியாச்சும் குடுத்துட்டு மெல்லச் சொல்லலாம்னு போனேன். வந்து பாத்தா நீங்க இல்ல, செருப்பு மட்டும் கெடக்குது." கையிலிருந்த செருப்புகளைப் பார்த்தான். "அந்தக் கருமத்தையா உங்களுக்கு அனுப்பி, நம்ம ஊட்டுலயும் அப்படி இருக்கோணும்னு வேற சொன்னேன்? என்ன நெனச்சிருப்பீங்க என்னைய!"

"ஓலைய நிறுத்தச் சொல்லலாம்னு நெனச்சேன். இப்பக்கூட அதுக்குத்தான் போறேன்."

ரொனால்ட் குனிந்து செருப்புகளை அவள் காலடியில் வைத்தான்.

அவன் தலைக்கு மேலே, மேட்டில் அந்த வீடு தெரிந்தது. கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மூடுபனி கூட்டம் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கதவு தொறந்து கெடக்குதுங்க. மெத்தை நனஞ்சுரும். காட்டெருமை வந்துரும்."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெடக்கட்டுமுங்க."

"ஏறுறீங்களா இல்லையா அம்மிணி?" என்று கத்தினான் கண்டக்டர்.

ஜோஸ்லின் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். "நாளைக்கு மூணாவது ஓலை. நேரமே வந்துருங்க. எங்கம்மாவுக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க, நான் இங்க வந்தத மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பஸ் புறப்பட்டது. கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். வளைவு வருகிற வரைக்கும் ரொனால்ட் ரோட்டிலேயே நின்றான். கதவைச் சாத்தப் போகவில்லை.